மாந்தோப்புக்காரர்கள் சங்கம் தொடங்குவது எப்படி: வேலூர் மாவட்டத்துக்கு ஒரு வழிகாட்டி

கரும்புக்கு ஆண்டுதோறும் மத்திய அரசு ஒரு விலை அறிவிக்கிறது. நெல்லுக்கு ஆதரவு விலை இருக்கிறது, கொள்முதல் நிலையம் இருக்கிறது. மாங்காய்க்கு இரண்டும் கிடையாது. முற்றின காயை மரத்தில் விட்டால் பழ ஈ பார்த்துக்கொள்ளும். பறித்து வைத்தால் ஒரு வாரத்தில் பழுத்து அழுகும். ஆகவே வாங்குகிறவர் சொன்னதுதான் விலை.

குடியாத்தம், பேரணாம்பட்டு, கே.வி.குப்பம், அணைக்கட்டு பக்கத்துத் தோப்புகளுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பெங்களூரா, கிளிமூக்கு என்று நாம் சொல்லும் தோத்தாபுரியை வாங்கும் மாங்கூழ் ஆலைகள் பெரும்பாலும் எல்லைக்கு அந்தப் பக்கம், சித்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன. 2025 ஜூனில் அந்த மாவட்ட நிர்வாகம் வெளிமாநிலத் தோத்தாபுரி உள்ளே வரத் தடை போட்டது. அங்கே கிலோவுக்கு 12 ரூபாய், அதில் ஆலை 8, அரசு 4 என்று ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். வெளியிலிருந்து மலிவாகக் காய் வந்து இறங்கினால் அந்தக் கணக்கு கெட்டுவிடும் என்பது அவர்கள் நியாயம். கர்நாடகம் எதிர்ப்புத் தெரிவித்தது. பிறகு மத்திய அரசின் சந்தைத் தலையீட்டுத் திட்டத்தில் 2.5 லட்சம் டன் வரை விலை வித்தியாசத் தொகைக்கு அந்த மாநிலத்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

அந்தத் திட்டத்தின் விதியைப் படித்தால் சங்கம் எதற்கு என்பது விளங்கிவிடும். முந்தைய சாதாரண ஆண்டைவிட விலை குறைந்தது 10 சதவீதமாவது இறங்கியிருக்க வேண்டும். மாநில அரசு கேட்க வேண்டும். உற்பத்தியில் 25 சதவீதம் வரைதான் கணக்கில் எடுப்பார்கள். அப்படியானால் போன ஆண்டு விலை என்ன, இந்த ஆண்டு என்ன, மொத்தம் எத்தனை டன் என்று யாரோ எழுதி வைத்திருக்க வேண்டும். மண்டிக்காரர் எழுதுவார், ஆனால் நமக்குத் தரமாட்டார். ஆலையும் அப்படியே. அந்த நோட்டு நம் கையில் இருக்க வேண்டும். பேனர், லெட்டர் பேடு, தலைவர் நாற்காலி எல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும்.

பெயர் வைப்பதற்கு முன் மரம் எண்ணுங்கள்

ஏழெட்டுப் பேர் சேர்ந்ததும் பெயர், கொடி, தலைவர் என்று பேச்சு போகும். தள்ளிப்போடுங்கள். முதல் இரண்டு மாதம் ஒரே வேலை: கிராமத்துக்கு ஒருவர், கையில் ஒரு நீள நோட்டு. எழுத வேண்டியவை இவ்வளவுதான்: பட்டாதாரர் பெயர், சர்வே எண், ஏக்கர், ரகம் வாரியாக மர எண்ணிக்கை, மரத்தின் வயது, பாசனம் போர்வெல்லா மானாவாரியா, கடந்த மூன்று ஆண்டும் காயை எப்படி விற்றார் என்பது. கடைசிப் பத்தியில் ‘பூவிலேயே குத்தகை’, ‘மண்டி’, ‘ஆலை நேரடி’, ‘சாலையோரம்’ என்று நாலில் ஒன்றை எழுதினால் போதும்.

மரத்தை எண்ணச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய தோப்பில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் இடைவெளி. ஏக்கருக்கு 40 மரம். அடர் நடவில் 5 மீட்டருக்கு 5 மீட்டர், ஏக்கருக்கு 160. ‘மூணு ஏக்கர் தோப்பு’ என்பதை வைத்து ஒன்றும் கணிக்க முடியாது.

கணிப்புக்கு ஓர் உதாரணம். 120 உறுப்பினர், ஆளுக்குச் சராசரி 3 ஏக்கர் என்றால் 360 ஏக்கர். காய்ப்புக்கு வந்த தோப்பில் ஏக்கருக்கு 3 டன் என்று அடக்கமாகப் போட்டாலும் 1,080 டன். பத்து டன் லாரியில் 108 நடை. ஆலை மேலாளரிடம் “நாங்கள் 120 விவசாயிகள்” என்றால் தேநீர் வரும். “108 லோடு பெங்களூரா, முதல் லோடு மே கடைசி வாரம்” என்றால் அவர் பேனாவை எடுப்பார். நீலம் ஆண்டுதோறும் ஓரளவு காய்க்கும். மற்ற பல ரகங்கள் ஒரு வருடம் கொட்டினால் மறுவருடம் ஓய்வெடுக்கும். அதனால் ரகம் பிரிக்காத மொத்த டன் கணக்கு அடுத்த ஆண்டே பொய்த்துப் போகும்.

இந்த வேலையோடு சேர்த்து, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதி வைக்கும் கிராமக் கணக்கான அடங்கலையும் பாருங்கள். பல தோப்புகள் கிராமக் கணக்கில் இன்னும் நிலக்கடலை என்றோ தரிசு என்றோ கிடக்கின்றன. சூறைக்காற்றில் காய் உதிர்ந்து நிவாரணம் கேட்கும்போதுதான் அது தெரியவரும், அப்போது திருத்த நேரம் இருக்காது. சர்வே எண்ணையும் மர எண்ணிக்கையையும் எழுதி, கிராம நிர்வாக அலுவலரிடம் மனுவாகக் கொடுத்து, அடங்கலில் மா என்று ஏற்றிக்கொள்ளுங்கள். சங்கம் பதிவாகும் முன்பே ஆட்கள் நம்பிக்கை வைப்பதற்கு இந்த ஒரு வேலை போதும்.

எல்லை எவ்வளவு? ஒன்றிரண்டு தாலுகாவுக்கு மேல் வேண்டாம். பழைய வடஆற்காடு மாவட்டம் 1989-ல் இரண்டானது. மிஞ்சிய வேலூர் 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், நாட்றம்பள்ளித் தோப்புக்காரர்கள் இப்போது திருப்பத்தூர் ஆட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும், சோளிங்கர்க்காரர் ராணிப்பேட்டையில். உறவுக்காரர், ஒரே சந்தைக்காரர் என்று எல்லோரையும் ஒரே சங்கத்தில் போட்டால் ஒவ்வொரு மனுவையும் மூன்று அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டிவரும். பக்கத்து மாவட்டத்துச் சங்கத்தோடு கூட்டாகப் பேசிக்கொள்ளலாம், பதிவு தனித்தனியாக இருக்கட்டும்.

யாரைச் சேர்ப்பது

சங்கங்கள் உடைவது பணத்தால் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் உறுப்பினர் வரையறையில்தான் உடைகின்றன. மண்டி வைத்திருப்பவருக்கும் பத்து ஏக்கர் தோப்பு இருக்கும். பூவிலேயே குத்தகை எடுக்கும் வியாபாரிக்கும் ஊரில் சொந்தத் தோப்பு இருக்கும். இவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. சொல்லப்போனால் விலை நிலவரம் அவர்களுக்கே நன்றாகத் தெரியும். ஆனால் விலை ஏறினால் அவர்களுக்கு ஒரு கையில் லாபம், மறு கையில் நஷ்டம். இப்படிப்பட்டவரைச் செயற்குழுவில் உட்கார வைத்தால் எந்தத் தீர்மானமும் பாதியில் நிற்கும்.

சிட்டாவில் பெயர் உள்ள தோப்புக்காரருக்கு வாக்குரிமை. குத்தகைக்கு எடுத்தவரை, மண்டிக்காரரை, நர்சரிக்காரரை இணை உறுப்பினராக வையுங்கள். கூட்டத்துக்கு வரலாம், பேசலாம், வாக்கு இல்லை. காயில் கமிஷன் வாங்குகிறவர் செயற்குழுவில் இருக்கக்கூடாது என்று ஒரு வரி பைலாவில், அதாவது சங்க விதிகளில், கட்டாயம் வேண்டும். அந்த வரியை முதல் நாளே எழுதிவிடுங்கள். பிறகு எழுதப் போனால், யாரைக் குறிவைத்து எழுதுகிறீர்கள் என்று சண்டை வரும்.

இன்னொன்று: பட்டா வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், மருந்தடிக்க ஆள் விடுவது முதல் மண்டிச் சீட்டு வாங்குவது வரை வீட்டம்மா பார்ப்பார். ஒரு குடும்பத்துக்கு ஒரு வாக்கு, அதை இருவரில் யார் வந்தும் போடலாம் என்று எழுதினால் கூட்டத்துக்கு விவரம் தெரிந்தவர் வருவார்.

எந்தச் சட்டத்தில் பதிவது

இரண்டு வழிதான் நமக்குப் பொருந்தும். ஒன்று, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. ஏழு பேர் இருந்தால் போதும், செலவு குறைவு, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முடியும். மனுக் கொடுக்க, ஆட்சியர் கூட்டத்தில் பேச, பயிற்சி நடத்த, விலைக் கணக்கு வைக்க இது போதுமானது. வந்த லாபத்தை உறுப்பினர்களுக்குப் பங்கு பிரிக்க இதில் இடமில்லை.

இரண்டாவது, உற்பத்தியாளர் நிறுவனம். 2003-ல் கம்பெனிச் சட்டத்தில் நுழைந்த ஏற்பாடு. இப்போது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 21ஏ அத்தியாயத்தில் இருக்கிறது. குறைந்தது 10 விவசாயிகள் வேண்டும். இயக்குநர்கள் 5 முதல் 15 பேர். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. முழுநேர முதன்மைச் செயல் அலுவலர் ஒருவர். பதிவான 90 நாளுக்குள் முதல் பொதுக்குழு. வாங்கலாம், விற்கலாம், பழுக்க வைக்கும் அறை கட்டலாம், கடன் வாங்கலாம். ஆனால் ஆடிட்டர், ரிட்டர்ன், சம்பளம் என்று காய் இல்லாத மாதத்திலும் செலவு ஓடிக்கொண்டே இருக்கும். 2020-ல் மத்திய அரசு அறிவித்த 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில் சமவெளிக்குக் குறைந்தது 300 உறுப்பினர், மூன்றாண்டு நிர்வாகச் செலவுக்கு 18 லட்சம் வரை என்று வைத்திருந்தார்கள். நிர்வாகத்துக்கே அவ்வளவு ஆகும் என்று அரசு கணக்குப் போட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

முதலில் சங்கம் தொடங்கி, இரண்டு மூன்று பருவம் சேர்ந்து நின்ற பிறகு அதே ஆட்களைக் கொண்டு நிறுவனம் தொடங்குவதே எங்கள் யோசனை. மகாராஷ்டிரத்துத் திராட்சைக்காரர்கள் இப்படித்தான் பிரித்து வைத்தார்கள். தோட்ட நுட்பத்துக்கும் அரசோடு பேசவும் விவசாயிகள் சங்கம் ஒன்று. ஏற்றுமதிக்கு 1991-ல் மகாகிரேப்ஸ் என்று தனி அமைப்பு. ஒன்றின் கடன் மற்றதைத் தொடாது.

நம் ஊர்க் கதைதான் அமெரிக்காவிலும் நடந்தது. தெற்குக் கலிபோர்னியாவில் ஆரஞ்சை ஏஜெண்டுகள் விலைக்கு வாங்காமல், விற்றபின் கமிஷன் கழித்துத் தருகிறோம் என்று எடுத்துப்போனார்கள். விற்காத சரக்கின் நஷ்டம் விவசாயி தலையில். 1893-ல் பழத்தைச் சேர்ந்து விற்க விவசாயிகளே ஒரு பரிமாற்றகம் வைத்தார்கள். 1905-ல் அது கலிபோர்னியா பழ விவசாயிகள் பரிமாற்றகம் ஆனது, 1908-ல் சன்கிஸ்ட் என்ற பெயரைப் பழத்துக்குச் சூட்டியது. தொடங்கிப் பதினைந்து வருடம் கழித்துத்தான் பிராண்டு. இங்கே முதல் கூட்டத்திலேயே லோகோ கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

பைலாவும் பதிவும்

அமைப்புக் கூட்டம் ஒன்று போட்டுத் தீர்மானம் எழுதி, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். சங்கத்தின் நோக்கங்கள் அடங்கிய குறிப்பும் பைலாவும் தனித்தனித் தாள்கள். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, அலுவலகம் வைக்கும் வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு பதிவுத்துறை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் மாறிக்கொண்டிருக்கும், விண்ணப்பிக்கும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலும் பிழை பெயரில்தான். ‘தமிழ்நாடு’, ‘அகில இந்திய’, ‘அரசு’ என்று ஆரம்பிக்காதீர்கள். ஏற்கெனவே பதிவான சங்கத்தின் பெயரோடு ஒத்துப்போனாலும் கிடைக்காது. ‘குடியாத்தம் வட்டார’ என்று தாலுகா பெயரில் தொடங்கினால் சிக்கல் குறைவு.

வேறு சங்கத்தின் பைலாவை அப்படியே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அதில் ‘கிராம மக்களுக்கு இலவசத் தையல் பயிற்சி’ என்றுகூட இருக்கும், பழ ஈ என்ற சொல் இருக்காது. நம் பைலாவில் இந்த விஷயங்களைத் தெளிவாக எழுத வேண்டும்:

- நோக்கம்: மா சாகுபடி நுட்பம், எடை மற்றும் தரம், விலை விவரம் சேகரித்தல், அரசுடனும் ஆலைகளுடனும் பேசுதல்.
- செயற்குழு: சட்டம் கேட்பது குறைந்தது மூன்று பேர். நடைமுறையில் ஏழு அல்லது ஒன்பது, கிராம வாரியாக. பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மேல் போகக்கூடாது. ஒருவர் ஒரே பதவியில் தொடர்ந்து இருமுறைக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டிய வரி.
- பொதுக்குழு: ஆண்டுக்கொரு முறை, 21 நாள் முன்கூட்டி எழுத்து மூலம் அறிவிப்பு. வாட்ஸப் செய்தி கூடுதலாகப் போகட்டும், அதை மட்டும் நம்ப வேண்டாம்.
- பணம்: வங்கியில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்து, அதில் பொருளாளர் கட்டாயம். ரொக்கமாகக் கையில் வைக்க ஓர் உச்சவரம்பு.
- பேச்சுவார்த்தை: ஆலையோடோ மண்டியோடோ ஒருவர் தனியாகப் பேசப் போகக்கூடாது, மூவர் போக வேண்டும், அன்றே குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

கடைசி வரி சின்னதாகத் தெரியும். தனியாகப் போய் வந்தவர் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் ‘அவருக்கு மட்டும் கிலோவுக்கு ஐம்பது காசு கூடக் கிடைத்ததாம்’ என்று ஊரில் பேச்சு கிளம்பும். கிளம்பிய பிறகு எந்த விளக்கமும் எடுபடாது.

சந்தா

ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை வைத்தால் அரை ஏக்கர்க்காரர் வரமாட்டார், இருபது ஏக்கர்க்காரருக்கு அது பொருட்டே இல்லை. ஏக்கர் கணக்கில் வையுங்கள். உதாரணத்துக்கு நுழைவுக் கட்டணம் 200 ரூபாய், ஆண்டுச் சந்தா ஏக்கருக்கு 100 ரூபாய் என்றால், மேலே சொன்ன 120 பேர், 360 ஏக்கருக்கு முதல் ஆண்டு 24,000-மும் 36,000-மும் சேர்த்து 60,000 வரும். ஆடிட்டர் செலவு, ஒரு மேடைத் தராசு, நோட்டுகள், பேருந்துச் செலவுக்கு இது நெருக்கிப் போதும். வாக்கு மட்டும் ஆளுக்கு ஒன்றுதான். ஏக்கருக்கு ஒன்று என்று ஆரம்பித்தால் அது இரண்டு பெரிய தோப்புக்காரர்களின் சங்கமாகிவிடும்.

வசூலிக்கும் நேரம் முக்கியம். காய் விற்ற கையோடு ஆனி, ஆடியில் வாங்குங்கள். பூ எடுக்கும் தை, மாசியில் மருந்துக்கே கடன் வாங்கியிருப்பார்கள். அப்போது சந்தா கேட்டால் வாசலில் நின்றுவிட்டு வர வேண்டியதுதான்.

முதல் பருவத்தில் செய்ய வேண்டியது

எடையும் விலையும்தான் முதல் வேலை. வட்டாரத்தில் ஐந்து பேரைப் பொறுப்பாக்குங்கள். ஏப்ரல் கடைசி முதல் ஜூலை வரை தினமும் மாலை, யார் எங்கே எந்த ரகத்தை என்ன விலைக்குப் போட்டார் என்று கேட்டு எழுத வேண்டும். விலையை மட்டும் எழுதிப் பயனில்லை. கமிஷன் எவ்வளவு, கழிவு என்று எத்தனை கிலோ தள்ளினார்கள், ஏற்றுக்கூலி இறக்குக்கூலி யார் தலையில், பணம் எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்பவையும் சேர்ந்தால்தான் உண்மை விலை தெரியும். பத்து டன் லோடு, கிலோ 10 ரூபாய், கழிவு 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 500 கிலோ, 5,000 ரூபாய் பேச்சில்லாமல் போகிறது. கிலோ 10 ரூபாய் தருகிறவரைவிடக் கழிவில்லாமல் 9.75 தருகிறவர் மேல். சங்கம் இல்லாத இடத்தில் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

எடைக்குச் சுலபமான வழி: லாரி கிளம்பும் முன் உள்ளூர் எடைமேடையில் ஒருமுறை, ஆலையில் ஒருமுறை. இரண்டு சீட்டையும் சேர்த்துக் குத்தி வைக்க வேண்டும், நேரத்தோடு. பரதராமி வழியாகவோ கிறிஸ்தியான்பேட்டை வழியாகவோ போய் ஆலை வாசலில் ராத்திரி முழுக்க வரிசையில் நின்ற லோடில் காய் வாடி எடை கொஞ்சம் இறங்குவது இயல்பு. அதனால்தான் நேரம். வரிசையில் நிற்காத லோடிலும் அதே அளவு குறைந்தால் அது வாட்டம் இல்லை. மின்னணுத் தராசுக்கும் எடைமேடைக்கும் ஆண்டுக்கொரு முறை முத்திரை போட வேண்டும். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் பொறுப்பு. மண்டித் தராசில் முத்திரைத் தேதியைப் பார்ப்பதைச் சண்டைக்குப் போவதாக நினைக்க வேண்டாம். இரண்டு பேர் சேர்ந்து போய், “முத்திரை எந்த வருஷம் போட்டதுண்ணே?” என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

லாரி நெருக்கடிக்குக் கரும்புக்காரர்களைப் பாருங்கள். அம்முண்டி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடுகிறவருக்கு வெட்டு உத்தரவு வரும் வரை அரிவாளை எடுக்கக்கூடாது என்று தெரியும். மாங்காயில் எல்லோரும் ஒரே வாரத்தில் பறித்து ஒரே இரவில் அனுப்புகிறோம். பிறகு ‘ஆலை வாசலில் விலையைக் குறைத்துவிட்டான்’ என்கிறோம். தோப்பின் முற்றல் பார்த்து, நாளைக்கு எத்தனை லோடு என்று சங்கம் டோக்கன் போடலாம். முதல் வருடம் யாரும் மதிக்கமாட்டார்கள், சொல்லிவிடுகிறோம். வாசலில் இரண்டு ராத்திரி நின்று காய் பழுத்துப்போனவர் மறுவருடம் முதல் ஆளாக வந்து டோக்கன் கேட்பார்.

அரசுப் பக்கம் போக மூன்று வாசல்கள். சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்வு நாள் கூட்டம் ஒன்று. அங்கே நின்று ஆவேசமாகப் பேசுவதால் பயனில்லை. ஒரே பக்கத்தில் மனு, இரண்டாம் பக்கத்தில் விலை அட்டவணை, கேட்பது ஒன்றே ஒன்று. ‘ஆலைகள், மண்டிகள், விவசாயிகள் என்று முத்தரப்புக் கூட்டம் ஏப்ரல் மாதத்துக்குள் நடத்த வேண்டும்’ என்பது நல்ல கோரிக்கை. ஜூனில் கேட்டால் கூட்டம் நடப்பதற்குள் காய் முடிந்துவிடும். அடுத்து கிராம சபை. மே 1 கிராம சபை நம் அறுவடைக்குச் சரியாக முன்னால் வருகிறது. பத்து ஊராட்சிகளில் ஒரே வாசகத்தில் தீர்மானம் போட்டு நகல் வாங்கி மனுவோடு சேர்த்தால் எடை கூடும். கடைசியாக தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம். உங்கள் மரக் கணக்கின் நகலை அங்கே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

ஆலையோடு முன்கூட்டியே விலை பேச முடிந்தால் எழுத்தில் வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் 2019-ல் வந்த ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் இருக்கிறது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். விலை, கழிவின் உச்ச அளவு, காயின் குறைந்தபட்ச எடை, பணம் தரும் நாள், வாங்காமல் போனால் என்ன என்று ஐந்தும் இல்லாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பழ ஈக்கு வேலி கிடையாது

விலைப் பேச்சு மட்டும் பேசும் சங்கம் ஆடி மாதத்தோடு தூங்கிவிடும். தோப்பு வேலையில் ஒருவர் தனியாகச் செய்து பயனில்லாதவை சில உண்டு. சங்கம் அவற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதில் முதலாவது பழ ஈ. மீதைல் யூஜினால் என்ற ஈர்ப்பு மருந்தில் ஊறிய கட்டைப் பொறி ஆண் ஈயைத்தான் இழுக்கும். உங்கள் தோப்பில் ஏக்கருக்குப் பத்துப் பொறி கட்டியிருந்தாலும், பக்கத்துத் தோப்பில் இல்லை என்றால் அங்கே இணைசேர்ந்த பெண் ஈ பறந்து வந்து உங்கள் காயில் முட்டையிடும். ஆகவே ஒரு மலையடிவாரம் முழுக்க ஒரே வாரத்தில், அறுவடைக்கு இரண்டு மாதம் முன்பே கட்ட வேண்டும். மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும். உதிர்ந்த காயைப் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதைப்பது, மரத்தடியை உழுது கூட்டுப்புழுவை வெயிலில் காட்டுவது இரண்டும் சேர்ந்தால்தான் பொறி பலன் தரும். பொறி மட்டும் கட்டிவிட்டுப் ‘பலனில்லை’ என்பவர்கள் ஊருக்குப் பத்துப் பேர்.

பூ நேரத்துத் தத்துப்பூச்சிக்கும் சாம்பல் நோய்க்கும் எந்த மருந்து, எப்போது என்பதை மருந்துக் கடைக்காரரிடம் கேட்காமல் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். தை தொடக்கத்தில் அங்கிருந்து ஒருவரை அழைத்துத் தோப்பிலேயே கூட்டம் போட்டால் நல்லது. மண்டபத்தில் போட்டால் படம் காட்டுவார்கள், தோப்பில் போட்டால் பூவைத் தட்டிக் காட்டுவார்கள்.

செந்தூரா, பங்கனப்பள்ளி போன்ற, கூழுக்குப் போகாமல் அப்படியே சாப்பிடும் பழம் வைத்திருப்பவர்களுக்குப் பழுக்க வைப்பது அடுத்த விஷயம். கார்பைட் கல் சட்டப்படி தடை. எத்திலீன் வாயு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை அனுமதி. சங்க உறுப்பினர் ஒருவர் கல் வைத்துப் பிடிபட்டால் பெயர் சங்கம் முழுக்கக் கெடும். அப்படிப்பட்டவரை நீக்கப் பைலாவில் வழி இருக்கட்டும்.

புவிசார் குறியீட்டை எல்லோரும் கேட்பார்கள். நம் மாவட்டத்திலேயே இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்கு, ‘வேலூர் முள்ளுக்கத்தரி’ என்ற பெயரில், 2023-ல் கிடைத்திருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கத் தனி ஆளால் முடியாது. உற்பத்தியாளர்களின் சங்கமோ அமைப்போதான் விண்ணப்பிக்க முடியும். ஆனால் நம் பெங்களூராவும் நீலமும் பல மாநிலங்களில் விளைகிறவை. இந்த மண்ணில் மட்டும் என்ன வேறுபாடு என்று காட்ட முடியாமல் விண்ணப்பம் போட்டுப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

எங்கே சறுக்கும்

முதல் வருடமே சங்கம் காய் வாங்கி விற்க ஆசைப்படுவது. இரண்டு லோடு அழுகினால் யார் பணம் என்ற கேள்வியோடு எல்லாம் முடிந்துபோகும். வியாபாரம் நிறுவனத்தின் வேலை, சங்கத்தின் வேலை இல்லை.

கட்சிக்காரரைத் தலைவராக்கினால் சீக்கிரம் காரியம் நடக்கும் என்று நினைப்பது. ஒரு தேர்தல் வரை நடக்கும்.

ஆண்டுக் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யாமல் விடுவது. இதில்தான் அதிகச் சங்கங்கள் செத்துக் கிடக்கின்றன. பொதுக்குழு முடிந்ததும் கணக்கு, உறுப்பினர் பட்டியல், செயற்குழு மாற்றம் எல்லாம் போக வேண்டும். இரண்டு மூன்று வருடம் விட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரி மேலே எழுத வேண்டும், அபராதம் கட்ட வேண்டும். அதற்கும் மேல் விட்டால் பதிவேட்டிலிருந்தே பெயர் போய்விடும். அந்த நேரம் பார்த்து நிவாரண அறிவிப்பு வரும்.

நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30-க்குள் பொதுக்குழு நடக்க வேண்டும். ஆடி, ஆவணியில் காய் முடிந்து, கையில் பணம் இருந்து, கவாத்துக்கு முன் கொஞ்சம் ஓய்வும் இருக்கும். அதுவே சரியான காலம். வைகாசி முதல் நாளை ஒட்டிக் குடியாத்தத்தில் எந்தக் கூட்டமும் வைக்காதீர்கள்; கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போகாத ஆள் இருக்கமாட்டார். செவ்வாய்க்கிழமையும் வேண்டாம், பாதிப் பேர் பொய்கை மாட்டுச் சந்தையில் இருப்பார்கள்.

பொதுக்குழுவில் வரவு செலவு வாசிப்பதற்கு முன் விலை நோட்டை வாசியுங்கள். எந்த வாரம், எந்த ரகம், கழிவு போகக் கிலோ எவ்வளவு, பணம் எத்தனை நாளில் வந்தது என்று. நாற்பது வரிதான் இருக்கும். வாசித்த பின் மூன்று நகல் எடுத்து ஒன்றைச் செயலாளரிடமும், ஒன்றைத் தோட்டக்கலை அலுவலகத்திலும், ஒன்றைப் பொறுப்பில் இல்லாத யாராவது ஒருவர் வீட்டிலும் வைக்க வேண்டும். பொறுப்பு மாறும்போது நோட்டு காணாமல் போவது எல்லா ஊரிலும் நடக்கிறது.